பானெட்டில் வைத்த பொட்டு

அமெரிக்காவின் இரண்டு கட்சிகளும் ஆளுக்கொரு நிறத்தில் படை திரட்டி மோதுகின்றன. ஒஹையோ ஆற்றுப் பாலத்தில் நீலப்படை வண்டிகளை நிறுத்திச் சோதிக்கிறது. சிவப்பாக எதைக் கண்டாலும் எதிரி என்று இறக்கிவிடுவார்கள், இறங்கியவர்கள் திரும்பியதில்லை. அக்கரையில் சிவப்புப்படை இதேபோல நீலத்தைத் தேடுகிறது. கிரீன் கார்டே வராத எங்களுக்கு இந்த நாட்டில் ஓட்டுகூடக் கிடையாது.

“பொட்டை அழி, செண்பகம்,” என்றார் என் கணவர். அழித்தேன். மகளின் சிவப்பு ரிப்பனை அவிழ்த்து சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

துப்பாக்கிக்காரன் குனிந்து எங்கள் மூவரையும் பார்த்தான். போகலாம் என்று கை காட்டினான். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் அவன் முன்பக்கம் போய் பானெட்டில் விரலைத் தேய்த்தான். சிவந்த விரலைத் தூக்கிக் காட்டி மற்றவர்களைக் கூப்பிட்டான்.

நேற்று ஆயுத பூஜை. வழியில் எங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று நான்தான் வண்டிக்குக் குங்குமம் வைத்தேன்.