விலைக்கு வந்த கிணறு

படப்பை முனிரத்தினம் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

தாகத்துக்கு அல்ல. நிலம் வாங்க வருகிறவர் முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார். மண்ணைக் கிளறிப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம். அதிலும் இந்தப் பென்னலூர்ப் பக்கம் ஒவ்வொரு கிணறாக உப்பு தட்டிப்போகிறது என்று அவர் காதுக்கு எட்டியிருந்தது.

தசரதன் இடுப்பு மடியைத் தடவிக்கொண்டார். இருந்ததே அந்த ஒரு நிலம், அந்த ஒரு கிணறு. விற்றுவிட்டால் நாளைக்கு ஊரான் வயலில் கூலிக்குத்தான் நிற்க வேண்டும்.

எல்லாம் மகள் மரகதத்தின் படிப்புக்காக. பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தவளுக்கு பி.யு.சி. படிக்க மெட்ராஸில், பெரிய இடத்துப் பெண்கள் போகிற காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. காஞ்சிபுரத்திலும்தான் கிடைத்தது. வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு பஸ்ஸில் போய்வரலாம், காலேஜுக்குக் கட்டுகிற சம்பளமும் குறைச்சல். ஆனால் தசரதன் சும்மா இருந்தாரா? டீக்கடை, ரேஷன் கடை, ஓர் இடம் விடாமல் மெட்ராஸ் காலேஜ், மெட்ராஸ் காலேஜ் என்று பீற்றிக்கொண்டு திரிந்தார். ஹாஸ்டலுக்கென்று பச்சை டிரங்குப் பெட்டி வாங்கி, மகள் பெயரையும் அதில் எழுதியாகிவிட்டது.

ஹாஸ்டல் செலவைக் கேட்ட பிறகுதான், நிலத்தை விற்றால்தான் முடியும் என்று தெரிந்தது.

ஆனால் மரகதம் தினமும் அந்தப் பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"நவுரு நைனா, நான் சேந்தறேன்."

மரகதம் கயிற்றை அப்பாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வாளியை இழுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பித்தளைச் சொம்பை நிரப்பி அவரிடம் கொடுத்தாள்.

தசரதனின் கை மறுபடியும் மடிக்குப் போனது. மகளைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு, சொம்பை அப்படியே முனிரத்தினத்திடம் நீட்டினார்.

முனிரத்தினம் அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். முகம் கோணியது. தூவென்று துப்பினார்.

"இன்னாபா தசரதா, தேனு தேனுன்னு சொன்னாங்க, இந்தக் கரி கரிக்குது! இத்தைப் போயி நான் வாங்கறதா?"

வந்த வேகத்திலேயே மோட்டார் சைக்கிள் போய்விட்டது.

தசரதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீர். வாளியில் மிச்சமிருந்ததைக் கையால் அள்ளிக் குடித்தார். எப்போதும்போல் இனித்தது. சொம்பை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். அடியில் கல்லுப்பு பாதி கரைந்து கிடந்தது.

மரகதம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

"காஞ்சிபுரம் பஸ்ஸு காலைல நம்ம ரோட்டாண்டயே நிக்குது நைனா. அந்தப் பொட்டில அரிசி கொட்டி வச்சிக்கலாம்."

சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

தசரதன் சொம்பை மகளிடம் நீட்டினார். அப்பாடா என்றிருந்தது. சேதி ஊரெல்லாம் பரவிவிடும். இனி இந்த நிலத்தை விலை பேச ஒருவனும் வரமாட்டான். டீக்கடையில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவ்வளவு நிம்மதியிலும் மகள் துடைத்துத் துடைத்து வைத்த பெட்டிதான் கண்ணில் நின்றது.

அவள் சொம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவள் பார்வையிலிருந்து மறையும்வரை தசரதன் பொறுத்திருந்தார். பிறகு வண்டிப் பாதைக்கு வந்து, தன் நிலத்தில் விழாதபடி தள்ளி நின்று, மடியை அவிழ்த்து உப்பை உதறினார்.

விடிந்ததும் அடுப்படியில் யாருக்கும் தெரியாமல் அள்ளி முடிந்துகொண்ட உப்பு. மகள் முகத்தைப் பார்த்ததும் சொம்பில் போட மனம் வரவில்லை.

அள்ளும்போதே உப்புப் பானையில் யாரோ ஒரு கை எடுத்த குழி இருந்தது. மனைவி குழம்புக்கு எடுத்திருப்பாள் என்று நினைத்திருந்தார்.