முதல் பேருக்கு ஒரு மெயில்

முறுக்குக் கடை அணில் கோமளிக்கு ஒரே கவலை. அடைமழையில் ஆள் நடமாட்டமே இல்லை. சுட்ட முறுக்கெல்லாம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துக்கொண்டிருந்தது.

"வாடிக்கைக்காரங்க எல்லாருக்கும் மெயில் போடு," என்றாள் கடைக் கம்ப்யூட்டரிடம். "மொட்டையா வேணாம், அவங்கவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடு."

"எந்தப் பேரு அக்கா? ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பேரு இருக்கே."

"முதல் பேருதான். இதையுமா கேப்ப?"

கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்கிற பிள்ளை. ஊருக்கெல்லாம் மெயில் பறந்தது.

மறுநாள் கடைவாசலில் தடியூன்றிக்கொண்டு ஒரு கிழட்டு முயல். பின்னால் நரைத்த கீரி, அதற்கும் பின்னால் பொக்கைவாய்க் குரங்கு. ஒரு முகமும் கோமளிக்குத் தெரியவில்லை.

"மருதன்னு என்னைக் கூப்பிட்டிருந்தியே தாயி," என்றது முயல். "உங்கிட்ட முறுக்கு வாங்குற துரைச்சாமி என் பையன். 'அப்பா, உனக்குத்தான் மெயில்'னு காட்டினான்."

கோமளிக்குச் சுரீரென்று உறைத்தது. அந்த ஊரில் அப்பன் பேரை முன்னால் போட்டுத்தான் தன் பேரை எழுதுவார்கள். மருதன் துரைச்சாமி!

வந்தவர்களை விரட்டவா முடியும்? கூசிக்கொண்டே ஆளுக்கொரு நமுத்த முறுக்கை நீட்டினாள்.

குரங்கு ஈறாலேயே மென்று, சொக்கிப்போய்க் கண்ணை மூடியது. "பல்லு போனப்புறம் இன்னிக்குத்தான் முறுக்கு திங்கிறேன். ரெண்டு கிலோ கட்டு!"

டப்பா காலியானதும் கம்ப்யூட்டர் மெதுவாகக் கேட்டது: "அக்கா, பேரை மாத்திடவா?"

"பேரு அப்படியே இருக்கட்டும்டா. 'நமுத்தது கிடைக்கும்'னு மட்டும் சேர்த்துக்கோ."