மிரேலா போடாத கையெழுத்து

மிரேலா கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும் எனக்குக் கடுப்புத்தான் வந்தது.

அவருடைய மகனுக்காகத்தானே இவ்வளவும்!

கிங்ஸ்பரியில் எங்கள் தேவாலய மண்டபத்தைத் துப்புரவு செய்பவர் மிரேலா. அவருடைய சொந்த நாட்டில் அரசாங்கத்தைத் திட்டி எழுதியதற்காக அவருடைய மகனைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். அந்த நாடுதான் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் கேட்டு நிற்கிறது. 'சிறையில் அடிக்கிற நாட்டைச் சேர்க்காதீர்கள்' என்று எங்கள் பங்குச் சபை அருட்பிரகாசம் மாமா ஒன்றியத்துக்கு மனு எழுதினார். ஞாயிறு பூசை முடிய, தேநீரும் ரோல்ஸும் விற்கிற மேசைக்குப் பக்கத்தில் நின்று கையெழுத்து வாங்குவது என் வேலை. ஏ லெவல் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறேனாம்.

"நாங்கள் இருக்கிற நாடே ஒன்றியத்தை விட்டு வெளியில வந்திட்டுது. எங்கடை சொல்லை ஆர் மாமா கேக்கப்போகினம்?"

"வாயைக் குறைச்சு வேலையைப் பார், டிலக்சனா."

இருநூற்றுப் பதினொரு பேர் போட்டார்கள். மிரேலா மட்டும் பேனையைத் தொடவில்லை.

"பயமா?" என்று ஆங்கிலத்தில் நேரடியாகவே கேட்டேன்.

"இல்லை."

"அப்போ மகன் மேல் அக்கறை இல்லையா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் நிலம் துடைக்கிற மொப்பைச் சுவரில் சாய்த்தார்.

"இரண்டு வருடம் அவன் எங்கே என்றே தெரியாது. நாடு சேரக் கேட்ட பிறகுதான் ஒன்றியத்து ஆட்கள் ஒவ்வொரு சிறையாகப் போய்ப் பார்க்கிறார்கள். போன மாதம் அவனைக் கண்டிருக்கிறார்கள். இப்போது அடிப்பதில்லையாம். சேர்க்கமாட்டோம் என்று சொல்லிவிட்டால், பிறகு யார் உள்ளே போய்ப் பார்ப்பது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடித்தவர்களைச் சேர்க்கச் சொல்கிறாரா? அது பிழை. அப்படியென்றால் நாங்கள் செய்வது? அதுவும் பிழை மாதிரித்தான் இருந்தது.

மனுவோடு மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அனுப்பாதேங்கோ மாமா. அவவின்ரை பெடியனுக்குத்தான் அடி விழும்."

மாமா கடதாசிகளை மேசையில் தட்டி நேராக்கினார்.

"இவ்வளவு பேரிட்டை வாங்கிப்போட்டு இனி நிப்பாட்ட ஏலாது பிள்ளை. செவ்வாய்க்கிழமை பேப்பர்காரர் படமெடுக்க வருகினம். மிரேலாவை நல்ல உடுப்பாப் போட்டுக்கொண்டு வரச் சொல்லு. மகன்ரை படத்தையும் பிடிச்சுக்கொண்டு நடுவில நிக்கட்டும்."