ஊக்கு குத்தாத பட்டு

சித்திரை ஒண்ணாம் தேதிக்கென்று வாங்கிய மயில்கழுத்துப் பட்டுப்புடவை, பீரோவுக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. ஊரடங்கில் தையல்கடை பூட்டிக் கிடந்ததால் அதன் ஜோடி ரவிக்கையை இன்னும் தைக்கவில்லை.

பண்டிகைக் காலையில் பூங்கொடி பீரோவைத் திறந்தாள். எல்லாப் புடவைக்கும் போடுகிற கருப்பு ரவிக்கையைப் பட்டின்மேல் எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

"இந்த வெளுத்த கருப்போடயா நான் போகணும்? தோள்ல போட்டா நழுவிக்கிட்டே இருப்பேன், பாத்துக்கோ" என்றது பட்டு.

கதவுக் கொக்கியில் தொங்கிய நைட்டி சிரித்தது. "எங்க போகப் போறீங்க மகாராணி? தெருமுனையில போலீசு நிக்குது. அடுப்படி வரைக்கும்தான் ஊர்வலம்."

"பாக்க ஆளில்லாத இடத்துக்கு நான் எதுக்கு? நீயே போ."

நைட்டியின் சிரிப்பு நின்றது. "மூணு வாரமா நான்தான் போறேன். அவ வீட்டுக்காரர் வெளியூர்ல மாட்டிக்கிட்டாரு. அவர்கிட்ட பேசிட்டு போனை வச்சதும், அவ கண்ணைத் துடைக்கிறது என் கையிலதான். நேத்து உன்னை மடியில விரிச்சுப் பாத்தா. அப்போதான் அவ முகத்துல சிரிப்பையே பாத்தேன்."



பூங்கொடி வந்து முந்தானை ஓரத்தில் மஞ்சள் வைத்தாள். கொசுவம் செருகி, தோளில் குத்த ஊக்கு தேடினாள், கிடைக்கவில்லை. போகட்டும் என்று கண்ணாடி முன் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள்.

அன்று பொழுது சாயும்வரை, பட்டு அந்தக் கருப்பு ரவிக்கையை விட்டு ஒருமுறைகூட நழுவவில்லை.