வெயில் ஏறும் உடம்பு

துபாயில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு செயற்கைக் காட்டுக்குள் காலை ஏழு மணி வெயில் இலைகளில் வடிந்து பச்சையாக இறங்குகிறது. கிளையில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத் என்னும் மெதுவாக நகரும் மரவிலங்கின் வயிற்றருகே, அதைப் பராமரிக்கும் கார்மேகம் வெப்பமானியை நீட்டுகிறார். இருபத்தேழு டிகிரி. இதன் உடம்பு இரவில் ஆறும், பகலில் வெயிலோடு சேர்ந்து ஏறும்; ஆனால் இவ்வளவு ஆறினால் தின்ற இலைகூடச் செரிக்காது. "ஏசியை யாருப்பா பதினெட்டுல வச்சது?" "நான்தாண்ணே," என்கிறான் அருள்முருகன். போன வாரம்தான் கட்டட சைட்டிலிருந்து இந்த வேலைக்கு மாறியவன். "உடம்பெல்லாம் முடியா இருக்கே, பாவம், ராத்திரியாச்சும் குளுகுளுன்னு தூங்கட்டும்னு..."

திட்ட வாயெடுத்த கார்மேகம் போய் ஏசியை அணைக்கிறார். எங்கோ நீர் சொட்டுகிறது. வெயில் கிளை வழியே ஊர்ந்து பழுப்பு முடியைத் தொடுகிறது. இருபத்தெட்டு. நெடுநேரம் கழித்து இருபத்தொன்பது. மூடிய கண் பாதி திறக்கிறது. ஒரு கை, நீருக்குள் அசைவதுபோல், காற்றைத் துழாவி வந்து அருள்முருகனின் முன்கையைப் பற்றுகிறது. பிறகு இன்னொரு கையும். சைட் வெயிலில் கறுத்த அந்தக் கையில் முகத்தை ஒட்டிக்கொள்கிறது. "சூட்டுக்கு வருதுடா. கைய எடுத்துராத," என்கிறார் கார்மேகம், மெல்ல. அவன் எடுப்பதாக இல்லை. ஊரைவிட்டு வந்த பதினாலு மாதத்தில் அவனை யாரும் இப்படிப் பிடித்துக்கொண்டதில்லை.