வாசலில் கிடந்த சப்பாத்து

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வந்த வருஷம், காஜா பேராங்கில் ஆஸ்பத்திரி நர்ஸான மிஸ்ஸி லலிதாம்பாள் வீட்டு வாசலில் தினமும் விடிந்தால் ஆம்பளை போடுகிற தோல் சப்பாத்து ஒரு ஜோடி கிடந்தது. அந்த வீட்டில் ஆம்பளையே கிடையாது. மிஸ்ஸியோடு, அவள் அடைக்கலம் கொடுத்த கோகிலா மட்டும்தான் இருந்தாள். புருஷன் அடித்த அடியில் ஒரு காது போனவள். அவன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகும் கட்டிலில் படுக்கமாட்டாள். சுவரோரம் உட்கார்ந்தே தூங்குவாள்.

"அவரோடதுதான் அக்கா," என்றாள் கோகிலா.

"இவளைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க மிஸ்ஸி," என்றார்கள் அக்கம்பக்கத்தார்.

மிஸ்ஸி அனுப்பவில்லை. சப்பாத்தைக் கொளுத்திப் பார்த்தாள், ஆற்றில் எறிந்து பார்த்தாள். மறுநாளும் அது வீட்டைப் பார்த்தபடி கிடந்தது. கடைசியில் கோகிலாவின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தாள்.

"நான் பக்கத்துலயே இருக்கேன். நீயே அதை ரோட்டைப் பார்க்கத் திருப்பி வை."

கோகிலா குனிந்து திருப்பி வைத்தாள்.

"போயிடுங்க," என்றாள்.

மறுநாள் காலை சப்பாத்தைக் காணோம். கோகிலா கட்டிலில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டிலுக்கு அடியிலிருந்து வாசல்வரை ஈரக் காலடிகள் பதிந்திருந்தன. எல்லாமே வெளியே போன காலடிகள்.

அவள் எழுந்திருப்பதற்குள் மிஸ்ஸி துணியை நனைத்துத் துடைக்க உட்கார்ந்தாள்.