பள்ளத்தாக்கு விளிம்பில் அண்ணன்

கைப்பேசித் திரையில் தினேஷ்வரனுக்குப் பின்னால் பூமி பிளந்து கிடந்தது. சிவப்பும் மஞ்சளுமாகப் பாறை அடுக்குகள், ஆழத்தில் நூல் போல ஓர் ஆறு, சுற்றிலும் மரமில்லாத பாலைவனம், உச்சி வெயில். காற்று அவன் முடியைக் கலைத்துக்கொண்டே இருந்தது.

மலேசியாவில், மெர்லிமாவ் வீட்டில் பெரியநாயகி சாயங்கால விளக்கை ஏற்றிவிட்டு வந்து மகனைப் பார்க்க உட்கார்ந்தார். "அம்மாடி! இம்மாம் பெரிய பள்ளத்த யாருடா தோண்டினா?"

"ஆறுதாம்மா. தண்ணி பாறைய இடிக்காது, ஒரசும். கூட வர்ற மணலும் கல்லும் அரம் மாதிரி தேய்க்கும். லட்சக்கணக்கான வருஷம் தேய்ச்சா இப்படித்தான்."

சின்ன வயதிலிருந்தே அவன் அப்படி. மோட்டார் சைக்கிள் கெட்டாலும் சோற்றுக் குக்கர் கெட்டாலும் சரிசெய்வதோடு விடமாட்டான். எது எதைத் தள்ளி எது சுழல்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கி முடித்தால்தான் எழுந்திருப்பான். தீபாவளி முடிந்த கையோடு அமெரிக்காவுக்குப் போனவன். பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் ஹோட்டலில் வேலை.

"ஏன்யா இப்படி எளச்சுட்ட?"

"ரொம்ப ஒசரமான எடம்மா. காத்து லேசா இருக்கும், பசி எடுக்காது."

"சரி, இருட்டறதுக்குள்ள ரூமுக்குப் போயிடு. வெளிம்புல நிக்காத."

"இங்க வெயில் எறங்க நேரமாகும்மா."

தம்பி விமலன் அம்மாவின் தோளுக்கு மேலே தலையை நீட்டினான். பக்கத்து ஊரான பெம்பானில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். அண்ணனை அனுப்பிய அதே ஏஜென்ட் அவனுக்கும் அதே ஹோட்டலில் வேலை பிடித்திருந்தார். பாஸ்போர்ட்டை இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெரியநாயகிதான் இன்னும் தலையாட்டவில்லை.

"அண்ணே, நீயே சொல்லு லா. நீ சொன்னாத்தான் அம்மா விடுவாங்களாம்."

"இருக்கறதே ரெண்டு புள்ளைங்க," என்றார் பெரியநாயகி. "இவனையும் அனுப்பவாய்யா?"

தினேஷின் கண்கள் திரைக்கு மேலே எங்கோ போய்த் திரும்பின.

"விமலா, இந்தப் பள்ளத்தப் பத்தி ஒண்ணு சொல்றேன், கேளு. மலைன்னா ஏத்தம் மொதல்ல வரும். முடியலன்னா பாதியில திரும்பிடலாம், எறக்கம்தானே. இது தலகீழ் மலை. எறக்கம் மொதல்ல, சுகமா இருக்கும். முடியலன்னு ஒனக்குத் தெரியறப்ப நீ அடியில நிக்கற. ஏத்தம் பூரா மிச்சம் இருக்கு. பலசாலிங்களே மேல வந்ததில்லடா."

"ஐயோ அண்ணே, நான் வேலைக்கு வரேன், மலையேற வரல! மேலயே நின்னு செல்ஃபி எடுத்துக்கறேன், போதுமா?"

"வெளையாடாத. எறங்காதவனுக்குத்தான்டா இது அழகு."

"சரிங்க வாத்தியாரே!"

பெரியநாயகிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு தூரம் போனாலும் பாடம் நடத்துவதை விடவில்லை. பிள்ளை மாறாமல் இருக்கிறான் என்பதே அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

"அப்ப அனுப்பட்டுமாய்யா?"

தினேஷின் கண்கள் மறுபடியும் திரைக்கு மேலே போய் வந்தன.

"அனுப்புங்கம்மா."

விமலன் துள்ளி எழுந்து அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். "ஹெல்மெட்ட விட்டுட்டுப் போறான் பாரு, கிறுக்கன்!" பெரியநாயகி கைப்பேசியை நாற்காலியில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டோடு அவன் பின்னால் போனார்.

"அம்மா..." என்றான் தினேஷ், மெதுவாக. அழைப்பைத் துண்டிக்காமலே அவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். திரை இருண்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

வாசலில் மோட்டார் சைக்கிள் உறுமிக் கிளம்பியது. "பாத்துப் போடா!" என்று பெரியநாயகி கேட்டைப் பிடித்தபடி கத்திக்கொண்டிருந்தார்.

ஆளில்லாத அறையில், நாற்காலியில் கிடந்த கைப்பேசிக்குள் ஒரு சுவிட்ச் தட்டும் சத்தம்; காற்று சட்டென்று நின்றது. எங்கிருந்தோ ஒரு முரட்டுத் தமிழ்க் குரல் கேட்டது:

"பேனரைக் கழட்டாதீங்கடா, அடுத்து நிக்கறவன் அவனோட தம்பியக் கூப்பிடணும்."